பெட்டியில் இருக்கும் பப்லு யார்?

பப்லு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் போனிலேயே கேட்டாயிற்று. இது போனில் சொல்ல வராத விஷயம். இந்த வாரம் மூன்று தடவை உன் நம்பரைப் போட்டேன். நீ "சொல்லுமா" என்றதும் என் வாய் வேறு எதையோ பேச ஆரம்பித்துவிட்டது. கடைசித் தடவை வத்தக்குழம்புக்கு எவ்வளவு புளி கரைக்க வேண்டும் என்று கால் மணி நேரம் உனக்கு வகுப்பெடுத்தேன். நீ அதைக் கேட்கவே இல்லை, ஆனாலும் பாவம், "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அதனால்தான் கடிதம். உங்கப்பா நாளைக்கு ரயில் ஏறி சனிக்கிழமை காலை ஹைதராபாத் வந்து இறங்குவார். அவர் பையில் இந்தக் கடிதமும், துண்டில் சுற்றிய ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும் இருக்கும். கடிதத்தை முதலில் படி. டிஸ்க்கை அதற்குப் பிறகு தொடு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்று கேட்டாய், நான் பொய் சொன்னேன். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். "யம்மா, உங்க பெட்டில பப்லுனு ஒருத்தன் கீறான்மா. முந்நூறு செக்-இன் போட்டுகீறான். யார்மா அது, என் பேர்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். "அது ஒரு தெலுங்குக்காரன்டா, கொஞ்ச நாள் இருந்தான், பூட்டான்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது பார், யோசிக்கக்கூட இல்லை. "சர்தான், அப்போ 'தெரியாதவர்'னு போட்டுடறேன். திங்கக்கெழம பத்து மணிக்கு மாத்திட்டோம்னா அதுக்கப்பறம் எவனாலயும் ஒரு எழுத்தக்கூட மாத்த முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எவனாலும் மாற்ற முடியாது என்றாயே, அதுதான் அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. பப்லு யார் என்றால் அவன் நீதான். உன் பெயரை அங்கே போட்டது நான். ஏன் போட்டேன், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று, திங்கட்கிழமைக்குள் நீ என்ன எழுத வேண்டும் என்றெல்லாம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கடைசியாகச் சொன்னதில் எனக்கே ஒரு பக்கம் தெளிவு இருக்கிறது, இன்னொரு பக்கம் சுத்தமாக இல்லை. எழுத எழுதத் தெரியுமா என்று பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. ராயபுரத்தில் இருக்கிற ஒருத்திக்கு நானே ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். உன் மேலதிகாரிகளும் படிக்க வேண்டி வரலாம். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், "இது எனக்குத் தெரியாதா" என்று உதட்டைப் பிதுக்காதே. துறைமுகத்தில் கன்டெய்னர் எங்கே இறங்க வேண்டும், எந்த லாரி எந்தக் கிரேனுக்கு அடியில் நிற்க வேண்டும் என்று சொல்கிற மென்பொருளை எழுதுகிற ஆபீஸில் நான் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். அந்த மென்பொருளைத்தான் உன் கம்பெனி இப்போது வாங்கியிருக்கிறது, 'உங்கம்மா இருக்கிற இடம்தானே' என்று, இங்கே இருப்பதையெல்லாம் தங்கள் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிற வேலையை உன் தலையில் கட்டியிருக்கிறது. எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் செய்த மாற்றத்தை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்த இடத்தைத்தான் நாங்கள் பெட்டி என்போம், அப்படிச் சேர்ப்பதைச் செக்-இன் என்போம். யார் போட்டது, எப்போது போட்டது, எதற்காகப் போட்டது என்று ஒவ்வொரு மாற்றத்தோடும் பெட்டி எழுதி வைத்துக்கொள்ளும். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த வரி எப்படி இருந்தது என்று கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். அதைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. எழுதுகிறவனுக்குத்தான் மரியாதை, காவல் காக்கிறவளுக்கு என்ன மரியாதை? டேட்டா என்ட்ரிக்கு வந்தவள் நான், புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து பஸ் மாறி வந்து சேர்ந்தவள். "நீ பாத்துக்கோம்மா" என்றார்கள், பார்த்துக்கொண்டேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பொங்கலுக்கு உனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் கண்ணைத் திறக்காமல் கிடந்தாயே, அப்போதுதான் பெட்டி படுத்தது. பொங்கலன்று காலையில் கரன்ட் போய்ப் போய் வந்தது, யூ.பி.எஸ். கைவிட்டது, டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றது. மறுபடி ஓட்டினால் பெட்டி திறக்கவில்லை. சரி, பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். பேக்கப்பும் காலி! தினமும் சாயங்காலம் 'முடிந்தது' என்று பச்சையில் செய்தி வரும், நானும் தினமும் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவேன். இடம் நிரம்பிப்போய் நாலு மாதமாக வெறும் பூஜ்ஜியத்தைத்தான் எழுதியிருக்கிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதைத் திறந்து பார்த்திருக்கலாம் இல்லையா? உன் வேலையில் நீ என்ன வேண்டுமானாலும் சோம்பேறித்தனம் பண்ணு, எடுத்த பேக்கப்பை மாதம் ஒரு தடவையாவது இறக்கித் திறந்து பார். என் பேச்சை எதில் கேட்காவிட்டாலும் இதில் கேள்.

அன்றைக்கு ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். உடைந்த பெட்டியில் கை வைக்காமல், அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொண்டு, பிரதியை வைத்து ரிப்பேர் பார்த்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாக உருவி வெளியே எடுத்தேன். கோடு, அதாவது எழுதிய நிரல், எல்லாம் வந்துவிட்டது, ஒரு வரி போகவில்லை. ஆனால் கடைசி நாலு மாத மாற்றங்களுக்கு யார், எப்போது, எதற்காக என்கிற மூன்றும் அழிந்துபோயிருந்தது. முந்நூறு மாற்றங்கள் அநாதையாக நின்றன. புதுப் பெட்டியில் ஏற்றப்போனால் அது ஆள் பெயர் இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மேனேஜர் போனில் கத்துகிறார்: "எதனா ஒரு பேரைப் போட்டு ஏத்தும்மா! கப்பல் வெளிய நிக்குது!" வைத்தால் அடுத்த போன் உங்கப்பா: "இன்னாடி நீ, புள்ள கண்ணத் தொறக்க மாட்றான், நீ அங்க பொட்டியக் கட்டிகினு அழுவுற. வூட்டுக்கு வா." பெயர் கேட்டுக் கட்டம் திரையில் மின்னிக்கொண்டிருக்கிறது. என் விரல் பப்லு என்று அடித்துவிட்டது. பண்டிகை முடிந்து எல்லோரும் வந்ததும் யார் யார் எதைப் போட்டார்கள் என்று கேட்டு மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஓடிவந்து உன்னைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். நீ பிழைத்தாய். பெயர் மாற்றுகிற வேலையை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பெட்டி நன்றாக ஓடியது, யாருமே கேட்கவில்லை.

பங்குனி வெயிலில் கேட்டார்கள். திருவொற்றியூரில் இருக்கிற தனசேகர் என்பவர் துறைமுக யார்டில் கன்டெய்னர் கட்டுகிற வேலை பார்த்தவர். கிரேன் கன்டெய்னரை லாரியில் இறக்கியது, பிடி முழுசாக விடவில்லை. அதற்குள் நம் மென்பொருள் லாரிக்குப் பச்சை விளக்கைக் காட்டிவிட்டது. லாரி நகர்ந்தது, கன்டெய்னர் ஆடியது, பக்கத்தில் நின்ற தனசேகரின் வலது பாதம் போயிற்று. பிடி விடும்வரை பச்சை காட்டாதே என்று கோடில் ஒரு சோதனை இருக்க வேண்டும். பெட்டியில் தேடினார்கள். ஒரு மாற்றத்தில் அந்தச் சோதனை சேர்ந்திருக்கிறது. அதற்கு அடுத்த மாற்றத்தில் காணாமல் போயிருக்கிறது. இரண்டுமே பப்லு. யாரது என்று மேனேஜர் என்னைக் கேட்டார். "அழிஞ்சுபோன பேரு சார், கண்டுபிடிக்க முடியாது" என்றேன். லாரிப் பாதைப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தது யார் என்று அடுத்த கேள்வி. மெர்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, ராயபுரத்தில் படகுக்காரர்களுக்குக் கயிறும் வலையும் விற்கிற கடை அவள் அப்பாவுடையது. ஆபீஸிலேயே நன்றாக எழுதுகிறவள் அவள்தான். "அக்கா, சோதனைய போட்டது நாந்தான், எடுத்தது நான் இல்ல. பொட்டியில பாத்துச் சொல்லுங்கக்கா" என்று என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். என்னத்தைப் பார்ப்பது? இரண்டு வாரத்தில் மேனேஜர் அவளிடமே ராஜினாமா எழுதி வாங்கினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாரேன்க்கா" என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் தலையை ஆட்டினேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து வேறு ஒரு சின்ன ரிப்பேருக்காகப் பெட்டியின் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. பெட்டி எந்த மாற்றத்தையும் நேராக உள்ளே எழுதாதாம். முதலில் ஒரு நாட்குறிப்பு மாதிரி தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் உள்ளே எழுதுமாம். அந்தக் கோப்பு உடைந்த டிஸ்க்கிலேயே இருந்திருக்கிறது. குப்பை என்று நினைத்து நான் அதைத் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் முந்நூறு பெயரும் அதில் இருந்திருக்கும். இதைப் படித்த அன்றைக்கே நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கழித்துக்கட்டிய சாமான் என்று எழுதி வாங்கிக்கொண்டு அந்த டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். மெர்சி பெயர் வந்தால் நடந்தது சரிதான் என்று ஆகிவிடும், வேறு பெயர் வந்தால் ஒருத்தியின் வேலை அநியாயமாகப் போயிற்று என்று ஆகிவிடும். பார்க்காமல் இருந்தால் எதுவும் ஆகாது. இப்படித்தான் அப்போது என் புத்தி போயிற்று. இப்போது எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் நாம் மணலி புதுநகர் வந்திருந்தோம். நீ தெருக்குழாயின் பைப்பை உடைத்துவிட்டு, எதிர்வீட்டு சரவணன் உடைத்தான் என்று சொல்லி, அவன் அப்பாவிடம் அவன் அடி வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? உன் காதைத் திருகி இழுத்துக்கொண்டுபோய்த் தெருவே பார்க்க, "நாந்தான் ஒட்ச்சேன்" என்று சொல்ல வைத்தேன். நீ அழுதாய். "ஒருத்தன் உன்னால அடி வாங்குறான், நீ பாத்துகினு நிக்கிற, வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். டிஸ்க் அப்போது என் பீரோவில் இருந்தது. எந்த வாயால் அதைக் கேட்டேன் என்று எனக்குப் புரியவில்லை பப்லு. நல்ல அம்மாவாக இருந்தேனா, அல்லது என்மேல் இருந்த கோபத்தை உன் காதில் காட்டினேனா? நீ அதற்குப் பிறகு பொய் சொல்வதை விட்டுவிட்டாய் என்பது மட்டும் தெரியும். பொய் சொல்கிற வேலை வீட்டில் எனக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீரோவைத் திறந்து அதை எடுத்தேன். "இன்னாத்துக்கு அந்தத் தகர டப்பாவ எடுத்துகினு உக்காந்துகீற?" என்றார் உங்கப்பா. திங்களும் செவ்வாயும் டிஸ்க் சுழலவே இல்லை, டக் டக் என்று அடித்துவிட்டு நின்றது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாடா, நான் முயற்சி செய்தேன், அது வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? உங்கப்பாதான் கெடுத்தார். முப்பது வருஷ ஃபிட்டர், எது ஓடாமல் நின்றாலும் அவருக்குக் கை அரிக்கும். மாதவரத்தில் தனக்குத் தெரிந்த ஒரு தோஸ்து கடையில் கொடுத்து, அதன் அடியில் இருக்கிற பச்சை அட்டையை மாற்றி, புதன்கிழமை காலையில் கொண்டுவந்து, "ஓடுது பார், இப்ப இன்னா சொல்ற?" என்று பெருமையாக வைத்தார். ஆபீஸுக்கு லீவு போட்டேன். டிஸ்க்கைப் பிரதி எடுத்தேன். பிரதியில் அந்த நாட்குறிப்புக் கோப்பைத் திறந்தேன். முந்நூறு பெயரும் வரிசையாக இருந்தன.

மெர்சி சொன்னது நிஜம். போகிக்கு நாலு நாள் முன்னால், மத்தியானம், அவள் பெயரில், 'பிடி விடும்வரை பச்சை காட்டாதே' என்று குறிப்போடு சோதனை சேர்ந்திருக்கிறது. அடுத்த வரி, போகியன்று. அதில் சோதனை போயிருக்கிறது. போட்ட ஆளின் பெயர் என் பெயர். குறிப்பு: 'ரமேஷுக்காக'. மூன்று தடவை படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தேன். எனக்கு அப்படி ஒரு காரியம் செய்த நினைவே இல்லை. இன்னும் இல்லை. உனக்குத் தெரியும், நம் வீட்டில் போகி கொளுத்துகிற வழக்கம் கிடையாது. என் அப்பா அன்றைக்கு புத்தர் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு ஹார்பருக்கு வேலைக்குப் போய்விடுவார், அதே பழக்கம்தான் எனக்கும். ஆபீஸில் எல்லோருக்கும் அது தெரியும். "உங்க வூட்லதான் போகி இல்லியேக்கா, என்னுத கொஞ்சம் உள்ள போட்டுடுங்க" என்று ஆளாளுக்குப் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு மத்தியானமே கிளம்பிவிடுவார்கள். எனக்கும் பெருமை, என்னை நம்பித்தானே கொடுக்கிறார்கள் என்று. அப்படிக் கொடுத்தவர்களில் ஒருவன்தான் ரமேஷ், அவன் வைத்திருந்தது மெர்சி சோதனையைச் சேர்ப்பதற்கு முன்னால் எடுத்த பழைய பிரதி. பெட்டி என்னைக் கேட்டிருக்கும்: இதற்கிடையில் இந்தக் கோப்பை இன்னொருவர் மாற்றியிருக்கிறார், எதை வைத்துக்கொள்ள? கையில் இருப்பதை என்று நான் அழுத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் எப்போதும் அதைத்தான் அழுத்துவேன். யார் மாற்றினார்கள் என்று எழுந்துபோய்க் கேட்டிருக்கலாம், மெர்சி வீட்டிலும் போகி கிடையாது, இரண்டு மேஜை தள்ளித்தான் இருந்தாள். அடுத்தவருக்காக நீ எதையும் உள்ளே போடாதே பப்லு, எவ்வளவு பிரியமாகக் கேட்டாலும் போடாதே.

இன்று காலை அந்த இரண்டு வரியையும் அச்செடுத்துக்கொண்டு மெர்சியின் கடைக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை போனதில்லை, அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டுதான் போவேன். கல்லாவில் அவள்தான் இருந்தாள், முடி பாதி நரைத்திருக்கிறது. "எக்கா! வாங்க வாங்க, எத்தன வருசமாச்சு. இந்தா, இந்த ஸ்டூல்ல இருங்க" என்றாள். நான் காகிதத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். முதல் வரியின் மேல் விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை. "தேதி இருக்கு, மணி இருக்கு. நான் எழுதின குறிப்புகூட இருக்குக்கா" என்றாள். இரண்டாவது வரியையும் படித்தாள். நான்தான் உளறினேன்: "நான்தாண்டி மெர்சி. எனக்கு ஞாபகமே இல்ல. பேர அழிச்சதும் நானு, அந்தப் பப்லு…" அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அது ஒங்க மவன் பேருன்னு எனக்கு அப்பமே தெரியும். லீவுக்கு வந்து என் டேபிளுக்கு அடியில உக்காந்து மக்ரூன் தின்ன பயல எனக்குத் தெரியாதா?" "அப்போ ஏண்டி விசாரணையில சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா…" என்றேன். "சொன்னா, பேர மாத்திப் போட்டது நீங்கதான்னு ஒங்கள அனுப்பியிருப்பாங்க. எனக்கு எங்கப்பா கடை இருந்துச்சு. ஒங்களுக்கு என்னக்கா இருந்துச்சு?" என்றாள்.

அதற்குள் ஒரு படகுக்காரர் வந்து நைலான் கயிறு கேட்டார், அவள் எழுந்துபோய் அளந்து கொடுத்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தேன். அழுகை வந்தது. கோபமும் வந்தது, அதை எப்படிச் சொல்வேன்? எனக்கு என்ன இருந்தது என்று கேட்க இவள் யார்? என்னிடம் ஒன்றுமில்லை என்று இவள் முடிவு செய்து, எனக்கு வேலையைப் பிச்சை போட்டு, நான் அதைத் தெரியாமலே இத்தனை வருஷம் தின்றிருக்கிறேன். அடுத்த நிமிஷமே, அவள் காலில் விழ வேண்டும் போல இருந்தது. அந்த வேலை இல்லையென்றால் நீ படித்திருப்பாயா? ஹைதராபாத்தில் உட்கார்ந்து எனக்கே பெட்டியைப் பற்றிப் பாடம் நடத்துவாயா? பெருந்தன்மையா, ஏளனமா, இரக்கமா என்று இப்போதுவரை எனக்கு விளங்கவில்லை. அவளிடமே கேட்டிருப்பேன். அவள் திரும்பி வந்து தாழ்ந்த குரலில் வேறொன்று சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனா அந்தாளு காலு போனது என்னாலதான்னு இன்னிக்கும் நெனைக்காரு. வாயத் தொறந்து சொல்லமாட்டாரு. டிவியில எதும் ஆக்சிடென்ட் காட்டுனா சேனல மாத்திருவாரு. எம்பேர மட்டும் அந்த மொத வரியில போடச் சொல்லுங்கக்கா. ரெண்டாவது வரியில ஒங்க பேர வேணாம்னா விட்ருங்க. அது எப்படியோ கிடந்துட்டுப் போகட்டு."

பஸ்ஸில் வரும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். திருவொற்றியூரில் ஒரு லாரி நிறுத்துமிடத்தின் வாசலில் தனசேகர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிற லாரி, போகிற லாரியை நோட்டில் எழுதுகிற வேலை. இத்தனை வருஷமும் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது நான் எதிர்ப்பக்க ஜன்னலில்தான் உட்காருவேன். இன்றைக்குப் பார்த்தேன். கன்டெய்னர் லாரி வரிசையில் பஸ் மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் அங்கேயே நின்றது. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் என்ன சொல்வது? பழைய பிரதி, புதுப் பிரதி, பொத்தான் என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? "உன் காலை எடுத்தது நான்" என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. அந்த நிரலைச் சரிபார்க்காமல் அனுப்பியவர்கள் இருக்கிறார்கள், மேனேஜர் இருக்கிறார். ஆனால் பொத்தானை அழுத்திய விரல் என்னுடையது. போகத்தான் போகிறேன். எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று மட்டும் தெரியவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்க்கைப் பிரதி எடுத்துக்கொள், மூலத்தில் கை வைக்காதே. முந்நூறில் யார் யார் எதைப் போட்டார்களோ அதை அவரவர் பெயருக்கே எழுதிவிடு, முதல் வரியில் மெர்சி. இரண்டாவது வரிக்கு வரும்போது உன் கை நிற்கும் என்று எனக்குத் தெரியும். ரிட்டையர் ஆக நாலு மாதம்தானே இருக்கிறது, அம்மா பெயர் எதற்கு, மெர்சியே வேண்டாம் என்றுவிட்டாளே, 'தெரியாதவர்' என்று போட்டால் யாருக்கு நஷ்டம் என்று தோன்றும். இன்று மத்தியானம் வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இதை எழுதும்போதுகூட அப்படியே விட்டுவிடேன் என்று உன்னைக் கெஞ்ச ஒரு பக்கம் மனசு துடிக்கிறது. ஆனால் யோசித்துப் பார். இத்தனை வருஷம் அந்த வரியில் ஆள் தெரியாமல் இருந்ததால்தான் அது மெர்சி தலையில் விழுந்தது. மறுபடியும் தெரியாதவர் என்று எழுதி, மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டால், அவள் வீட்டுக்காரர் எப்போதும் போல சேனலை மாற்றிக்கொண்டுதான் இருப்பார். அம்மா பெயரை மகனே எழுதினான் என்று நாளைக்கு யாரும் உன்னை ஒரு சொல் சொல்லக்கூடாது. அதனால் நீயாக எழுதாதே, இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரியிடம் கொடுத்து, நாட்குறிப்புக் கோப்பையும் காட்டி, அவர் முன்னால் எழுது. என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. உன் வேலைக்கு ஏதாவது ஆகுமா என்றும் தெரியவில்லை, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட பயம். இருந்தாலும் எழுது. என்னை ஏற்கெனவே ஒருத்தி காப்பாற்றிவிட்டாள், பப்லு. நீயும் காப்பாற்றினால் நான் தாங்கமாட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் மெர்சியின் கடையில் இருப்பேன். அவள் வீட்டுக்காரரையும் கடையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். மாற்றி முடித்ததும் அந்த இரண்டு வரியையும் என் போனுக்கு அனுப்பு. நான் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.

அம்மா